எண்களைச் சுரண்டியவர்

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். போர்டில் புதிதாகப் பற்றவைத்த ஐசி சில்லின் கறுப்பு முதுகில் பிளேடு முனையை வைத்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்களை மெல்லச் சுரண்டுவார். பொடியை ஊதுவார். விரலால் தடவிப் பார்த்து, இனி யாராலும் படிக்க முடியாது என்று உறுதியான பிறகுதான், சுவரைப் பார்த்திருக்கும் நாற்காலியை வாடிக்கையாளர் பக்கம் திருப்புவார்.

வாஷிங் மெஷின் போர்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். நகரத்தில் அதற்கென்றே இருந்த தெருவில்தான் முதலில் கடை வைத்திருந்தார். யாரும் பார்த்துவிடாதபடி தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை பார்ப்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர், மூடி. மற்றவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எந்த மாடலில் எது போகும், எதற்குப் பதில் எதைப் போடலாம் என்று வாய் ஓயாமல் பேசுவார்கள். மூடி டீயைக் கடைக்கே வரவழைத்துக் குடிப்பார்.

"மண்டைய ஒடச்சு நான் கண்டுபிடிச்சத, ஒரு டீய வாங்கிக் குடுத்துக் கறந்துடுவானுங்க" என்பார் மனைவியிடம்.

கடைசியில் போட்டிக்கு ஆளே இல்லாத ஒரு சின்ன ஊருக்குக் கடையை மாற்றினார். ராஜா மாதிரி இருக்கலாம் என்று நினைத்தார். இருந்தார், குடிமக்கள்தான் குறைவு. நகரத்துத் தெருவிலேயே கூலிக்கு வேலை பார்த்த மனைவியின் தம்பி, முதலாளியான அவரைவிட அதிகம் சம்பாதித்தான்.

"அவனுக்கு ஒழுங்கா பத்தவைக்கவே கை வராதே" என்று ஆச்சரியப்பட்டார்.

"கை வரலன்னா என்ன, காது நல்லா கேக்குதுல்ல" என்றாள் மனைவி.

ஊரின் பெரிய சலவைக்கூடம்தான் அவர் வீட்டு அடுப்பை எரியவைத்தது. ஒரு மதியம் அதன் முதலாளி போர்டும் கையுமாக வந்தார்.

"நீங்க பார்த்ததுதாண்ணே. மறுபடி மெஷின் நின்னுடுச்சு. ஆஸ்பத்திரித் துணி மலையா குவிஞ்சு கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா, இனிமே எல்லா போர்டையும் சிட்டிக்கே அனுப்பிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் போனதும் மூடி துண்டைப் போர்த்தினார். பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் பழக்கம். மீட்டர் வைத்துப் பார்த்தார். போனது மோட்டாரை ஓட்டும் ஐசிதான். கம்பெனி ஐசி கிடைக்காமல், அதன் இடத்தில் வேறொன்றை அவரே யோசித்துப் போட்டிருந்தார். எதைப் போட்டோம் என்று எண்ணைப் பார்க்கக் குனிந்தார். மொட்டைத்தலை மாதிரி வழவழவென்று மின்னியது. சுரண்டியவர் வேலையில் சுத்தக்காரர்.

மேஜை டிராயரைக் கொட்டினார். கொட்டியதில் இருந்த எதைப் பார்த்தாலும் அதுதான் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. தப்பானதைப் போட்டால் போர்டே கருகிவிடும்.

மனைவி போனை நீட்டினாள். "தம்பிகிட்ட கேளுங்க."

"அவன்கிட்டயா?"

"ரோஷத்த வெச்சு மெஷின் ஓடும்னா நான் ஏன் சொல்லப் போறேன்?"

மாடலைச் சொல்லி, அந்த ஐசிக்குப் பதிலாக அங்கே என்ன போடுகிறார்கள் என்று, பரீட்சை வைக்கும் குரலில் கேட்டார்.

"அதுவா மாமா?" மச்சான் எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மூடிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதேதான், அவருடைய ரகசியமேதான். "ஆனா அத மட்டும் போட்டீங்கன்னா ஆறு மாசத்துல சூடாகிப் போயிடும். பக்கத்துல இருக்கற ரெசிஸ்டரையும் மாத்தணும். டீக்கடைல பேசிப் பேசிக் கண்டுபிடிச்சோம். தெருவுல எல்லாரும் இப்ப அப்படித்தான் போடறோம்."

சாயங்காலம் மெஷின் ஓடியது. அந்த ஐசியை மட்டும் அவர் சுரண்டவில்லை.

பல மாதம் கழித்து, நகரத்துத் தெருவில் மறுபடி கடை பார்க்கப் போனவர், முதன்முறையாக அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பார்ட்ஸ் கடைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்க மூடி. நீங்க எங்கிட்ட என்ன வாங்கினாலும், அன்னிக்கே இங்க வந்து நம்பரோட சொல்லிடுவேன். எதுக்கு வாங்கியிருப்பீங்கன்னு எல்லாரும் ஒக்காந்து யோசிப்பாங்க. நீங்க போனப்புறம் கொஞ்ச காலம் இந்த பெஞ்சுல பேச்சே இல்ல."