செல்வராணியின் நாற்பது பக்க நோட்டு

போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். என் பழைய சான்றிதழின் நகலில் ஒரு கறுப்புக் கறை விழுந்திருந்தது. கடைக்காரப் பெண் ஒயிட்னர் குப்பியைக் குலுக்கி, கறையின் மேல் பூசி, காயட்டும் என்று ஊதினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து எலுமிச்சை சோடா ஒன்று வாங்கிக் குடித்தேன். வயசாகிவிட்டது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். வயசும் ஆகிவிட்டதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக் கடை மாடியில் எனக்கு வேலை. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்டும் நிலையம் அது. 'வல்லுநர் ஆலோசனை' என்று வாசலில் போர்டு தொங்கும். அந்த வல்லுநர் வேறு யாருமல்ல, நான்தான். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., வயது இருபத்துமூன்று, வடக்கே கொல்லத்தைத் தாண்டியதில்லை, தெற்கே நாகர்கோவிலைத் தாண்டியதில்லை. கீழே பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார்கள். மேலே நான் பிள்ளைகளின் கட்டுரைகளுக்குப் பூசுவேன். ஈயப் புகையும் ஒயிட்னரும் கலந்த அந்த நெடி சட்டையில் ஏறி, வீடு வரைக்கும் கூடவே வரும்.

நிலையத்தை நடத்தியவர் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர். எல்லோருக்கும் அவர் ஸார். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர், அமெரிக்கர்களின் மனசு முழுக்கத் தனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பினார். இடம் கிடைத்தவர்களின் கட்டுரைகளை ஒரு தகர அலமாரியில் வைத்திருந்தார். அதிலிருந்து இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி எடுத்து ஒட்டுவது என் திறமை. நல்ல கைராசி என்று பேரும் வாங்கியிருந்தேன்.

அங்கேதான் செல்வராணி வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அம்மா அங்கே கொழுந்து கிள்ளுகிறவர். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, சர்ச் நடத்தும் விடுதியில் தங்கியிருந்தாள். மே மாதத்தோடு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் உதவித்தொகையோடு ஒரு இடம் கிடைத்தால் ஆராய்ச்சி, இல்லையென்றால் மலையேறி மாமன் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை அழாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதாக முடிவாயிற்று.

கட்டுரையை அவளே கையால் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. தேயிலையில் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. மழையும் பனியும் சேர்ந்தால் இளம் இலையின் அடியில் வெள்ளையாகப் புடைத்துக்கொண்டு வரும். எந்த வரிசைச் செடியில் அது முதலில் வந்தது, முந்தின நாள் பனி எப்படி, வெயில் எத்தனை மணிக்கு விழுந்தது என்று ஏழாம் வகுப்பிலிருந்து எழுதி வைத்திருந்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதியது. பனி அதிகம் தங்கும் பள்ளத்தில்தான் நோய் முதலில் வரும் என்று கங்காணிமார் சொல்வார்களாம். அம்மா பார்த்த வரை, பாதை ஓரத்து வரிசையில்தான் முதலில் வந்தது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் மேலே படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

நான் அதை முழுக்க வெட்டினேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீடு, விருந்தாளி வந்தால் கிழிந்த பாயின் மேல் நல்ல பாயை விரிக்கிற வீடு. அப்பா சாலை என்ற கடைத்தெருவில் ஒரு மண்டியில் கணக்கப்பிள்ளை. ஆனால் என் பள்ளிக்கூடப் படிவத்தில் 'வியாபாரம்' என்றுதான் போடுவார். இல்லாமையை அந்நியரிடம் காட்டுவது மானக்கேடு என்று சோற்றோடு ஊட்டி வளர்த்த கூட்டம் நாங்கள். ஸாரும் அதற்கு ஒத்து ஊதினார். "ஆத்துக் கஷ்டத்தையெல்லாம் அவாகிட்ட சொல்லப்படாது, கேட்டயா. பாவம்னு நெனைப்பா, ஸீட் தரமாட்டா."

கட்டுரையிலிருந்து தோட்டத் தொழிலாளர் லயத்து வீடு போயிற்று, அம்மா போனார், நோட்டும் போயிற்று. அவள் குடும்பம் 'தோட்டத் துறையைச் சார்ந்தது' ஆனது. அலமாரியிலிருந்து எடுத்த ஒரு வரியை முதலில் வைத்தேன்: சிறுவயது முதலே இயற்கையின் அதிசயங்கள் என்னைக் கவர்ந்து வந்துள்ளன. தட்டச்சில் விழுந்த பிழைகளை ஒயிட்னரால் மூடி, படித்துக் காட்டினேன்.

"அண்ணே, நான் எதப் பாத்தேன்னு இதுல ஒண்ணுமே இல்லியே."

"அதொண்ணும் வேண்டாம் செல்வராணி. பொதுவா எழுதினா மதி, அது போதும்."

வல்லுநர் சொன்னால் மறுத்துப் பேசுவாளா. கையெழுத்துப் போட்டாள்.

தபாலில் சேர்த்த பிறகு கைப்பிரதிகளை நிலையத்தில் வைக்கக் கூடாது என்பது ஸாரின் சட்டம். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்த்துக் காப்பியடித்துவிடுவார்களாம். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வருவார். அந்த மாதக் கட்டை நானே சணல் போட்டு இறுக்கிக் கட்டினேன். நான்கு பக்கக் கட்டுரையோடு அந்த நோட்டும் அதற்குள் இருந்தது. வேலையில் நான் ரொம்பச் சுத்தம்.

ஏப்ரலில் மூன்று பதில்களும் வந்தன. மூன்றும் இல்லை என்றுதான். ஒன்றில் மட்டும் கீழே யாரோ ஒரு பேராசிரியர் பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார். மதிப்பெண்கள் மிக நன்றாக இருக்கின்றன, ஆனால் நீங்களாகக் கவனித்தது எது, கண்டுபிடிக்க விரும்புவது எது என்று கட்டுரையிலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை, அடுத்த ஆண்டு அதை எழுதி அனுப்புங்கள் என்று. செல்வராணி அந்தக் கடிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இவரு கேக்குறதத்தான் அண்ணே நான் மொதல்ல எழுதிருந்தேன்" என்றாள். பிறகு, "அந்த நோட்டத் தாங்க. மறுக்கா எழுதிப் போடுறேன்."

நான் எழுந்து அலமாரியைத் திறந்து தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன். பத்து நிமிஷம் இருக்கும், ஒவ்வொரு தட்டாக. அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "பரவாயில்ல, விடுங்கண்ணே" என்றாள். பழைய பேப்பர்காரரைத் தேடி அன்றைக்கே சாலைக் கடைத்தெருவெல்லாம் அலைந்தேன். நாலு மாதத்துக்கு முந்திய கட்டு எங்கே போயிருக்கும் என்று அவர் என்னையே கேட்டார். மே மாதம் அவள் மலையேறிவிட்டாள். அதற்குப் பின் நான் யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. அதனால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

அந்த மாடி இப்போது இல்லை. செல்போன் உறைகள் விற்கும் கடைகள் வந்துவிட்டன. ஸார் காலமாகிவிட்டார். சில வருஷங்களுக்கு முன்பு, தைரியம் வந்ததோ வெட்கம் போனதோ, போனக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். லயங்கள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அவள் அம்மா இறந்துபோனார், மகள் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் எங்கேயோ போய்விட்டாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கிள்ளுவதற்கு ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்திருந்தன.

பாதை ஓரத்து வரிசையில் போய் நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அது அந்த நோட்டில் இருந்தது.