நான்கு மணி நேரக் கப்பல்

என் விண்வெளி நாவல்கள் மூன்றையும் ஜார்ஜ் டவுன் டயாலிசிஸ் மையமொன்றில், மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதினேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்த இயந்திரத்தின் முனகல்தான் என் விண்கப்பலின் எஞ்சின் சத்தம்.

“கப்பல் எப்பதாங்க போய்ச் சேரும்?” என்பாள்.

“சேந்துட்டா கதை முடிஞ்சிரும்லா. பேசாம படு” என்று எரிந்து விழுவேன்.

அவள் இறந்த பிறகு நாள் முழுக்க நேரம் கிடைத்தது. ஒரு வரிகூட வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு அங்கேயே போய் உட்கார்ந்தேன். இயந்திரங்கள் முனகின. பேனாவைத் திறந்தேன். புதிதாகத் தாதி வேலைக்குச் சேர்ந்திருந்த மிஸி அருகில் வந்து கேட்டாள்:

“அங்கிள், நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?”