பிரேக் அக்கா வெட்டிய பள்ளம்

எங்கள் பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லோருடைய காதிலும் ஒரே குரல்தான் ஒலிக்கும். “பிரேக்... பிரேக்குன்னு சொல்றேன்ல.” அதனால் டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளருக்குப் பிரேக் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. எதையும் ஒரு அதட்டல் போட்டால் நின்றுவிடும் என்று நம்புகிறவள். கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அதட்டுவதற்கு முன்பே நின்றுவிடுவார்.

அவள் பேச்சைக் கேட்காதது வீட்டுக்குள் வந்த தண்ணீர் ஒன்றுதான். மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போகும். தரைக்கல் இடுக்கில் தண்ணீர் கசியும். கடிகாரக்காரர் கட்டில்வரை செருப்போடுதான் போவார். அக்கா ஏதோ பெயின்ட் வாங்கிவந்து உள்சுவரில் அடித்தாள். கொஞ்ச நாள் பளபளத்துவிட்டு அது கொப்பளம் கொப்பளமாக உப்பியது. கணவர் கை சும்மா இராமல் ஒன்றை ஊசியால் குத்த, தண்ணீர் நேரே அவர் கண்ணில் பீய்ச்சியது.

“சுவத்துக்கு வைத்தியம் பாக்கப்போய் உங்களுக்குச் சொட்டு மருந்து போட வேண்டியதாப் போச்சு,” என்று சலித்துக்கொண்டு கொத்தனாரை வரவழைத்தாள்.

அவர் வீட்டைச் சுற்றி வந்தார். “மாடித் தண்ணி சுவரடியிலயே விழுது. தோட்டத்து மண்ணும் வீட்டப் பாத்து சரியுது. போதாக்குறைக்கு நிலத்தடித் தண்ணி ஏறி அஸ்திவாரத்துல முட்டுது. உள்ள பெயின்ட் அடிச்சா அது எங்கதான் போகும், பாவம்?”

“அப்ப டைவர்ஷன் போடணும்.”

“அதேதாங்க.”

அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை, அதற்குக் கீழே போய்விடாமல், சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டினார்கள். வெளிச்சுவருக்குத் தார் பூசினார்கள். ஓட்டை போட்ட குழாயைத் துணி சுற்றி, ஜல்லிக்கு நடுவே, தெருவின் மழைநீர்க் கால்வாயை நோக்கிச் சரிவாகப் படுக்கவைக்க ஏற்பாடு. கடிகாரக்காரர் ஒற்றைக்கண் லென்ஸோடு பள்ளத்துக்குள் தவழ்ந்து, படுக்கவைத்த குழாயின் சரிவை அளந்தார்.

“சார், இது குழாய். வாட்ச் இல்ல,” என்றார் கொத்தனார்.

குழாய்மேல் ஜல்லி கொட்டுவதற்குள் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளத்தின் ஓரமாக ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டிவிடலாமே. அவர்களை வரிசையாக நிற்கவைத்தாள். “கண்ணாடிய மட்டும் பாருங்க. பதட்டப்படாதீங்க,” என்றபடி காரில் பின்னால் போனாள். போய்க்கொண்டே இருந்தாள்.

மாணவர்களில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: “அக்கா, பிரேக்.”

பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் லைசென்ஸ் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். மாணவர்களே சேர்ந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். நசுங்கிய குழாயை மாற்றிய கொத்தனார், அக்காவின் முகத்தைப் பார்க்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார்.

பிறகு ஜல்லியும் மண்ணும் போட்டு, தோட்டத்தை வெளிப்பக்கம் சரித்து, மாடிக் குழாயையும் நீட்டிக் கால்வாயில் விட்டார்கள். முதல் பெருமழையில் கணவனும் மனைவியும் ஒரே குடைக்குள் தெருவில் போய் நின்று குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு தவளை வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் கொட்டியது.

“வருது, வருது,” என்று அவர் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே ஓடிச் சுவரைத் தடவினார்கள். காய்ந்து கிடந்தது.

மறுநாள் அக்கா குழாய் வாயில் கம்பிவலை மாட்டினாள். தவளை அதன் எதிரே உட்கார்ந்து நெடுநேரம் கத்தியது. அவளும் பதிலுக்கு அதட்டிப் பார்த்தாள். தவளை நிறுத்தவில்லை.