இருபது மார் கயிறு

ஏழுமலை மாமா செத்துப்போயிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம், எங்கள் அணை ஏரியில் படகு கவிழ்ந்து. நேற்று அடக்கம் முடிந்தது. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், அதற்குள் கவிழ்ந்த படகின் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"மீனவரின் அலட்சியம்" என்று தலைப்பு. கீழே "குடிச்சிட்டுப் போயிருப்பான்" என்று ஒரு கமெண்ட். அதற்கு நாற்பது லைக்.

லைக் போட்டவர்களில் பாதிப் பேர் அவர் பிடித்த மீனைத் தின்றவர்கள். பேர் எல்லாம் பார்த்துவிட்டேன்.

குடிக்க மாட்டார் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. தண்ணீரில் இறங்குகிற நாளில் தொட மாட்டார். ஆறு வருஷம் ஒரே ஃபைபர் படகில் அவரோடு போனவன் சொல்கிறேன்.

என்னைவிட ரெண்டு வயசு பெரியவர். நான் அவரை மாமா என்பேன், அவரும் என்னை மாமா என்பார். உறவு முறை ஒன்றும் கிடையாது, பழக்கம்தான்.

ஜவ்வாது மலை அடிவாரத்து ஏரிக் காற்று தெரியாதவர்களுக்காக... மத்தியானம் கரையிலிருந்து மலைப் பக்கம் அடிக்கும். நாலு, அஞ்சு மணிக்குக் கொஞ்ச நேரம் சுத்தமாக நின்றுவிடும். அப்புறம் மலையிலிருந்து திரும்பி இறங்கும்.

அந்தத் திருப்பத்தில்தான் படகு நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். மற்றவர்கள் எல்லாம் ஒரு கல்லைக் கட்டிப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பார்கள்.

மாமா ரெண்டு போடுவார். மலைப் பக்கம் இரும்பு நங்கூரம், கரைப் பக்கம் கல். ரெண்டு கயிறும் படகின் மூக்கில்தான் கட்டுவார். பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும் என்று ஒரு தடவை என்னோடு சண்டையே போட்டார்.

கட்டி முடித்ததும் உடனே வலையைத் தொட மாட்டார். கரையில் ஒரு பனைமரம், அதற்கு முன்னால் மதகு மேடை. ரெண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பனை கொஞ்சம் தள்ளித் தெரிந்தால் படகு நழுவுகிறது என்று அர்த்தம், எல்லாவற்றையும் இழுத்து மறுபடி போடுவார்.

எனக்குக் கடுப்பாக இருக்கும். கல்யாணப் பொண்ணுக்குப் புடவை கட்டுகிற மாதிரி எவ்வளவு நேரம் மாமா என்று கிண்டல் செய்வேன்.

இவருக்குத்தான் படகு கட்டத் தெரியவில்லையாம். அலட்சியமாம்.

அவர் கணக்கு ஒன்றே ஒன்று. தண்ணீர் ஒரு பங்கு ஆழம் என்றால் கயிறு அஞ்சு பங்கு. மலைப் பக்கத்து நங்கூரத்துக்கு நாற்பது மார் கயிறு வைத்திருந்தார். ரெண்டு கையையும் விரித்தால் ஒரு மார், அவரே அளந்தது.

இப்போது மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் ஏரி வற்றிக் கிடந்தது. மூணு மார் ஆழம்கூட இல்லை. நான் படகை விட்டுவிட்டு மினி லாரி ஓட்ட ஆரம்பித்திருந்தேன், அப்போது புளி லோடு. மேலே இழுத்துக் கட்டக் கயிறு போதவில்லை. அவரைக் கேட்டேன்.

தண்ணீர் ஏறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னார். சரியாகப் பாதி, இருபது மார். அரிவாளால் வெட்டியது நான்தான்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. எட்டு மார் ஆழம், அவர் கணக்குக்கு நாற்பது மாரும் வேண்டும். நான் லோடு, லோடு என்று அலைந்துகொண்டிருந்தேன்.

"கயிறு இன்னா ஆச்சி மாமா?" என்று கேட்டார்.

"செங்கம் போவசொல்ல புதுசா வாங்கியாறேன் மாமா" என்றேன்.

அடுத்த வாரமும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, சிரித்தார்.

"நீ வாங்கியார்றதுக்குள்ள ஏரியே வத்திப்பூடும் மாமா."

முந்தாநாள் நான் செங்கத்தில்தான் இருந்தேன். சாமை மூட்டை இறக்கிவிட்டு, கயிற்றுக் கடைக்கு எதிரிலேயே நின்று டீ குடித்தேன். ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அந்த வீடியோவில் படகு மூக்கில் அறுந்து தொங்குகிறதே, ஒரு பச்சை நைலான்... அது அவர் வீட்டுத் துணி காயப்போடும் கொடி. குறைந்த இருபது மாருக்கு அதை மூணு புரியாக முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார். நீளம் சரியாகத்தான் இருந்திருக்கும், அவர் அளக்காமல் விடுகிற ஆள் இல்லை. காற்று திரும்பினதும் கொடி அறுந்திருக்கிறது. படகு போய் முங்கிக் கிடக்கிற மரக் கட்டைகளில் மோதிக் கவிழ்ந்து, வலை காலில் சுற்றிக்கொண்டது.

நேற்று அவர் சம்சாரம் செல்வி என்னிடம் வந்து கேட்டது.

"அவரு ஒழுங்கா கட்லன்னு எல்லாரும் பேசறாங்கண்ணா. நீங்க கூடப் போனவரு... நீங்க சொல்லுங்கண்ணா."

அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். ஒழுங்காகத்தான் கட்டினார். வீடியோவை ஷேர் செய்தவர்கள் இதையும் ஷேர் செய்யுங்கள். திட்டுகிறவர்கள் என் பேரைப் போட்டுத் திட்டுங்கள்.

காலையில் வண்டி மேலிருந்து அந்தக் கயிற்றை அவிழ்த்து, கையை விரித்து அளந்து பார்த்தேன். இருபது மார் அப்படியே இருக்கிறது, ஒரு முழம்கூடக் குறையவில்லை.

போய்ட்டு வாங்க மாமா.