காயில்காரரின் ஹெலிகாப்டர் நோட்டு

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் சொல்லும் கதையில் ஒரு வார்த்தையைக்கூட காயில்காரர் நம்பியதில்லை. நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது என்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றுவார். பிறகு நிமிர்ந்து, "தண்ணி எத்தனை நாளா உள்ளே போகுது?" என்று கேட்பார். வந்தவர் முகத்தில் ஈயாடாது.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய காயில் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி, எண்ணியதை நோட்டில் எழுதி, அதேபோலத் திருப்பிக் கட்டியே கற்றுக்கொண்டார். ஒரு சுற்று கூடிவிட்டாலும் மொத்தத்தையும் பிரிப்பார். தெருவில் நேரில் அவரைக் காயில்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சந்தேகம்' என்பார்கள். 'சந்தேகம் கடை திறந்தாச்சா?' என்று யாராவது கேட்டால் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு பழகிய பெயர்.

கீழே கடை, மேலே வீடு. மனைவியைத் தெரு முழுக்க நர்ஸம்மா என்று கூப்பிடும். அவருக்குப் பல வருஷமாக ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலை எட்டு மணிக்குப் படியேறினால் குளித்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குள் படுத்து, மூன்று மணிக்கு எழுந்திருப்பார். அதற்காகக் காயில்காரர் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார்: பேரிங் தட்டுவது, உளியால் பழைய காயிலைப் பெயர்ப்பது போன்ற சத்தமான வேலை எல்லாம் ஒன்பது மணிவரைதான். அதற்குப் பிறகு மூன்று மணிவரை கம்பி சுற்றும் வேலை மட்டும்.

ஆறு மாதத்துக்கு முன் பெரிய சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு கம்பெனி ஹெலிகாப்டர் தளம் திறந்தது. முதல் வாரம் பிள்ளைகளும் பெரியவர்களும் மாடியில் நின்று கையாட்டினார்கள். இரண்டாவது வாரம் ஆட்டிய கையாலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். முதல் நடை காலையில் பத்து மணி வாக்கில் கிளம்பி, கூரைகளைத் தொட்டுவிடுகிற மாதிரி போகும். ஜன்னல் கண்ணாடி அதிரும். காயில்காரர் மேசையில் ஸ்க்ரூக்கள் நடக்க ஆரம்பிக்கும்.

நர்ஸம்மாவுக்கு அரைமணித் தூக்கம்கூட ஒழுங்காக இல்லை. ஒருநாள் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியில் மருந்தை இரண்டு மடங்கு ஏற்றிவிட்டார். பக்கத்திலிருந்த நர்ஸ் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டாள். அதைக் கணவரிடம் சொல்லும்போது அவர் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. "இந்தச் சத்தம் நிக்கலேன்னா நான் தங்கச்சி ஊருக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவேன். நீங்க கடையோட இருங்க. என் கையால ஒரு உயிர் போகக் கூடாது" என்றார்.

குடியிருப்போர் சங்கம் மனு கொடுத்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். பத்து மணிக்கு முன் வீடுகள் மேல் பறக்கக் கூடாது என்பது அனுமதியில் உள்ள நிபந்தனை, மீறியது தெரிந்தால் அந்த வழியையே ரத்துசெய்து கல்குவாரிப் பக்கமாகத் திருப்பிவிடலாம் என்றார். ஆனால் ஆதாரம் வேண்டும். தெருவில் இரண்டு பேர் மூன்று வாரம் முதல் நடையின் நேரத்தை எழுத வேண்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது.

ஒருவர் சங்கத் தலைவர், பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டி கிளம்பும் நேரம் எழுதிய டைம்கீப்பர். இன்னொருவர் காயில்காரர். அவரைத் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. ஒரு சுற்றுக் கம்பியை விட்டுக்கொடுக்காத ஆள் ஒரு நிமிடத்தையா விடப்போகிறார்?

அவர் கடையில் நேரம் காட்டுவது ஒன்றே ஒன்று, மேசைக்கு எதிரே சுவரில் மாட்டிய கடிகாரம். கையில் வாட்ச் கட்டினால் காயிலில் பூசும் வார்னிஷ் ஒட்டும். அவருடைய பட்டன் போனில் பேட்டரி ஆடும், தட்டினால் அணையும், திரும்ப உயிர் வந்தால் பன்னிரண்டு மணியில் தொடங்கும். ஆகவே தலைக்கு மேலே தடதடத்ததும் சுவரைப் பார்ப்பார், எழுதுவார்: பத்து நாலு. மறுநாள் பத்து மூன்று. பத்து ஐந்து.

எழுத எழுத அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தைத் தாண்டித்தானே வருகிறான்? நேரம் எழுதுவதைத் தெருவுக்குள்ளிருந்து யாரோ கம்பெனிக்குத் துப்புக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம், டைம்கீப்பர் கம்பெனி ஜீப் டிரைவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து டைம்கீப்பர் வீட்டு வாசலைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்.

அவர் மனதில் இன்னொரு முள்ளும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதமாக நர்ஸம்மா எட்டு மணிக்கு வருவதில்லை. எட்டேகால். தினமும் எட்டேகால். முதலில் பஸ்ஸைச் சந்தேகப்பட்டார். பிறகு ஆஸ்பத்திரியை. அப்புறம் யாரையென்று அவருக்கே தெரியவில்லை. கேட்டுவிடலாம், ஆனால் கேட்டால் பதில் வருமே என்ற பயம்.

விசாரணை நாளில் அதிகாரி கம்பெனி கொடுத்த பறக்கும் நேரத் தாளையும் இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்தார். கம்பெனித் தாளில் எல்லா நாளும் பத்து மணிக்குப் பிறகு. காயில்காரர் நோட்டிலும் பத்துக்குப் பிறகு. டைம்கீப்பர் நோட்டில் மட்டும் ஒன்பது ஐம்பது, ஒன்பது நாற்பத்தொன்பது, ஒன்பது ஐம்பத்தொன்று. கம்பெனி மேலாளர் காலை நீட்டி உட்கார்ந்து, புகார் கொடுத்தவர்களில் ஒருவரே தங்கள் தாளை உறுதிசெய்துவிட்டாரே என்றார்.

காயில்காரருக்குக் காது சுட்டது. டைம்கீப்பர் கள்ளக் கணக்கு எழுதித் தெருவையே பொய்யாக்கிவிட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்துத்தான் இப்படி எழுதிக் காரியத்தைக் கெடுக்கிறாரோ? எழுந்தார். "மேடம், அண்ணன் யாரோட டீ குடிக்கிறார்னு விசாரிங்க" என்றார்.

டைம்கீப்பர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி மறுநாள் பதினொரு மணிவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் முரண்பாட்டுக்கு விளக்கம் வராவிட்டால் மனு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்தபோது நர்ஸம்மா தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காயில்காரர் நடந்ததைச் சொன்னார். டைம்கீப்பர் எழுதிய நேரத்தைச் சொன்னதும் நர்ஸம்மா போர்வை நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, கடையில இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தா எழுதுனீங்க?"

"வேற எதைப் பார்ப்பேன்?"

"ஒன்பதுக்குச் சுத்தியலைக் கீழே வைக்கிறேன்னு சொல்லிட்டு ஒன்பதேகால்வரைக்கும் தட்டுவீங்க. கேட்டா, இந்த ஒரு பேரிங்தான்னு சொல்வீங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள கொஞ்சம் கண்ணை மூடலாம்னு, மூணு மாசத்துக்கு முன்னாடி முள்ளைத் தள்ளி வச்சுட்டேன்."

"எவ்வளவு?"

"கால் மணி இருக்கும். கண்ணளவுதான்."

காயில்காரருக்கு, எட்டே முக்காலுக்கு மேல் வந்த ஆட்கள் எல்லாம், இன்னும் ஒன்பது ஆகலையே, கொஞ்சம் தட்டிக் கொடுங்க என்று கெஞ்சியது நினைவுக்கு வந்தது. அவசரத்துக்குப் பொய் சொல்கிறார்கள் என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அப்போ நீ எட்டேகாலுக்கு வந்தது..."

"நான் என்னிக்கு எட்டேகாலுக்கு வந்தேன்?" என்ற நர்ஸம்மா, பாதியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். "இதுக்குத்தானா மூணு மாசமா மூஞ்சியை அப்படி வச்சிருந்தீங்க?"

அவர் கீழே போய், ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரி ஆடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு டைம்கீப்பர் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் தெரு பார்த்தது.

டைம்கீப்பர் கதவைப் பாதி திறந்தார். "இப்ப என்ன? என் வாட்சையும் காதுல வச்சுப் பார்க்கணுமா?"

"ஆமாண்ணே. ஆனா தப்பு உங்க வாட்சுல இல்லை."

இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் சரியாகப் பதினான்கு நிமிடம் கூடுதலாக ஓடியது. காயில்காரர் தன் பதினெட்டு வரிகளிலும் பதினான்கைக் கழித்தார். பதினாறு, டைம்கீப்பர் எழுதியதோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. இரண்டில் மட்டும் ஒரு நிமிடம் வித்தியாசம். ஜீப் டிரைவர் யாரென்று காயில்காரர் கேட்கவில்லை. டைம்கீப்பரே சொன்னார், பழைய டிப்போ கண்டக்டராம். "பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு சொல்லிச் சிரிச்சான். அதுக்குத்தான் எனக்கு இன்னிக்குத் துரோகிப் பட்டம்."

"நாளைக்கு அந்த ரூம்லயே நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், அண்ணே."

சொன்னபடி மறுநாள் முதல் வேலையாக அதைச் செய்தார். பிறகு கடிகாரத்தை மேசைமேல் வைத்து, மனைவி முள்ளைத் தள்ளியதுவரை ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். மேலாளர் சிரிப்பு தெரியாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி கேட்டார்: "நேத்து சாயங்காலம் நீங்களே முள்ளைத் திருப்பி வைக்கலைன்னு நான் எப்படி நம்புறது?"

காயில்காரருக்கு அந்த அம்மாவை அப்போதுதான் பிடித்துப்போனது. அவராக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வார்னிஷ் காயவைக்கும் ஹீட்டரோ சோதனைக்கு ஓடும் மோட்டாரோ கரண்ட் போய் நின்றால், நின்ற நேரத்தைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை கரண்ட் போயிருந்தது. இரண்டாவது வாரம் செவ்வாய், பதினொன்று இருபத்தாறு. மூன்றாவது வாரம் வெள்ளி, நாலு எட்டு. "சப்ஸ்டேஷன்ல கேளுங்க மேடம். பதினொன்று பன்னிரண்டுன்னும், மூணு ஐம்பத்திநாலுன்னும் சொல்லலேன்னா மனுவைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

அதிகாரி போனை எடுத்தார். பேசும்போது இரண்டு நேரங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதினார்: பதினொன்று பன்னிரண்டு, மூன்று ஐம்பத்திநாலு. எழுதிவிட்டு அந்தத் தாளை மேலாளர் பக்கம் நகர்த்தினார். பிறகு கம்பெனித் தாளைக் கையிலெடுத்து, மூன்று வாரமும் ஒரே பேனாவில், ஒரே மையில், எல்லா நேரமும் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிவது எப்படி என்று கேட்டார். மேலாளர் நீட்டியிருந்த காலை மடக்கினார்.

பன்னிரண்டு நாளில் உத்தரவு வந்தது. ஹெலிகாப்டர் இப்போது கல்குவாரிப் பக்கம் போகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் லேசாகக் கேட்கும், ஸ்க்ரூக்கள் நடப்பதில்லை. முதல் நாள் நர்ஸம்மா மூன்றரைவரை தூங்கினார். இரண்டு தடவை காயில்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போய், மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

கடிகாரத்தை அவர் சரிசெய்யவில்லை. பதினான்கு நிமிடம் கூடுதலாகவே திரும்ப மாட்டினார். அது ஒன்பது காட்டினால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுகிறார். ஆனால் திங்கட்கிழமைதோறும் டைம்கீப்பரைக் கடைக்கு அழைத்து, வாட்சை வைத்து ஒப்பிடச் சொல்கிறார். நர்ஸம்மா கை மறுபடி முள்ளில் பட்டு, பதினான்கு எப்போது பதினாறு ஆகும் என்று அவருக்கு ஒரு சந்தேகம்.