சமூகவியலை மூடச் சொன்ன வருடம்

நான் சமூகவியல் துறைக்குத் தலைவியான முதல் வாரத்திலேயே முதல்வர் கூப்பிட்டனுப்பினார். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்துப் போனேன். நாகர்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் கல்லூரியில் அதுவரை அந்தத் துறைக்கு ஒரு பெண் தலைமை வகித்ததில்லை. அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"டீச்சர், இந்த வருஷமும் பிள்ளைங்க சேரலேன்னா சமூகவியலை மூடிரலாம்னு நிர்வாகத்துல பேச்சு. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, பயப்படாதீங்க."

"எனக்க வேலையைப் பத்தி நான் கேக்கலியே சார். பிள்ளைங்க சேர்ந்தா மூட மாட்டீங்கல்லா?"

"சேர்ந்தா பாப்போம்" என்று சிரித்தார்.

மூடுவோம் என்று சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே வீடு வீடாகப் போவது என்று கிளம்பிவிட்டேன். இரண்டாம் ஆண்டு முடித்திருந்த ஒரு மாணவி துணைக்கு வந்தாள். மண்டைக்காட்டை அடுத்த கடற்கரை ஊர்க்காரி. அப்பாவுக்குக் கடல் தொழில். வகுப்பில் கேள்வி கேட்டு என்னைத் திணறடிக்கிறவள். "நீங்க தனியாப் போனா நன்கொடைப் பிரிவு கேட்டு வந்திருக்காவன்னு கதவை அடைச்சிருவாவ டீச்சர்" என்றாள்.

மேற்கே தேங்காப்பட்டணத்திலிருந்து கிழக்கே அஞ்சுகிராமம் வரை பேருந்திலேயே சுற்றினோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் முடிவாகவே சொல்லிவிட்டார்.

"எனக்க மவ நர்சிங்தான் படிப்பா. கல்ஃபுக்குப் போனா குடும்பம் ரட்சைப்படும்."

போட்டித் தேர்வு, அரசு வேலை என்று நான் ஆரம்பிப்பதற்குள் கூட வந்த மாணவி குறுக்கே விழுந்தாள்.

"மாமா, ரத்தத்தைக் கண்டா அவ மயங்கி விழுவான்னு இப்பத்தான மாமி சொன்னாவ? நீங்க அவளை கல்ஃபுக்கு நர்சா அனுப்புதியளா, இல்ல நோயாளியா அனுப்புதியளா?"

உள்ளேயிருந்து அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அவ ஆசைப்பட்டதைப் படிக்கட்டு" என்றார் அவள் அம்மா. சேர்க்கையன்று கடைக்காரரே மகளோடு வந்து நின்றார்.

ஜூன் முடிவதற்குள் எங்கள் வகுப்பு நிரம்பிவிட்டது. துறையை மூட முடியாமல் போனதும் வகுப்பறையை எடுத்துக்கொண்டார்கள். அது கணினிக்கூடம் ஆயிற்று. கலையரங்கத்துக்குப் பின்னால், மேடைச் சாமான்கள் போட்டிருந்த தகரக்கூரை அறை எங்களுக்கு வந்தது. கிழிந்த படுதாக்களையும் உடைந்த சிம்மாசனத்தையும் பிள்ளைகளே ஒதுக்கிவிட்டு பெஞ்சு போட்டார்கள். மழை பெய்தால் என் குரல் எடுபடாது. நான் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினேன். விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்கிற வீம்பும் அதில் இருந்தது.

கள ஆய்வுக்கு என்ன எடுக்கலாம் என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். கடற்கரைப் பெண்கள் ஏன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்ப்போம் என்றாள், வீடு வீடாக என்னோடு சுற்றியவள். வறுமை, கல்யாணம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் கொண்டுவந்தது வேறு. கடைசிப் பாடவேளை முடிகிற நேரத்துக்குக் கடற்கரை போகும் பேருந்து கிளம்பியிருக்கும். அடுத்த பேருந்தில் போனால் இருட்டிவிடும். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அப்பா நிறுத்திவிடுவார்.

ஆய்வை எடுத்துக்கொண்டு நானும் அவளும் முதல்வரிடம் போனோம். கல்லூரி நேரத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

"ஒரு பஸ்ஸுக்காக யாராவது படிப்பை விடுவாங்களா?" என்றார்.

"நீங்க கார்ல போவீங்க சார். அதனால ஒங்களுக்குத் தெரியாது" என்றாள் அவள்.

"வெளியே போ!"

அவள் போனாள். நானும் கூடவே எழுந்து போனேன். மறுநாள் மதிய இடைவேளையில், வணிகவியல், கணிதம் என்று எல்லாத் துறைகளிலும் படிக்கிற கடற்கரைப் பெண்கள் முதல்வர் அறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை. சும்மா நின்றார்கள். அந்த வாரம் முழுக்க நின்றார்கள். "டீச்சர், இது நீங்க தூண்டிவிட்டதா?" என்று என்னிடம் விளக்கம் கேட்டு முதல்வரின் ஆள் வந்தது. "நான் சொல்லிக்குடுத்த பாடம் சார்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த திங்கள்கிழமை நேரம் மாறியது. படிப்பை நிறுத்தியிருந்த ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆண்டு விழாவில் முதல்வர் வருடத்தின் சாதனைகளை வாசித்தார். "கடற்கரை மாணவியரின் நலன் கருதி நிர்வாகம் எடுத்த முயற்சியால் கல்லூரி நேரம் மாற்றப்பட்டது" என்று வந்ததும் அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மாணவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"சார், அது நிர்வாகம் செஞ்சதில்ல. எனக்க பிள்ளைங்க செஞ்சதாக்கும்."

மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசைவரை போயிற்று. முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சமூகவியல் துறை மாணவியரின் முயற்சியால்" என்று அந்த வரியை மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.