ஒன்பதாவது பீரோ

நூலகத்தில் அவருக்கு ஒன்பதாவது பீரோ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை, அதனால் அவருக்கும் தெரியும். அரிய நூல் பிரிவில் இருப்பவை எட்டு பீரோக்கள். எட்டுக்கும் தேக்குமர உடம்பு, கண்ணாடிக் கதவு. ஒன்பதாவதற்கும் கண்ணாடி உண்டு, மூக்கின் மேல். மற்றபடி அது நடக்கும், தும்மும், மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்.

பெயர் வைத்தவர் வாய்க்கு வந்தபடி வைத்துவிடவில்லை. பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

அந்த எட்டு பீரோப் புத்தகங்களும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை. கையால் வண்ணம் தீட்டிய செடிப்படங்கள், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கி விரித்தால் மேசையை மூடும் கடல் வரைபடங்கள், இரண்டு பிரதிகூட உலகத்தில் மிஞ்சாத பழைய பாடப் புத்தகங்கள். அவற்றுக்குப் பட்டியல் போட நூலகத்திலிருந்து போன இளைஞர்தான் நம் ஆள். மற்றவர்களைப்போல் புத்தகத்தின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காமல், இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுத்தார். பெரியவருக்கு அது போதுமாயிருந்தது. சாகும் முன் எல்லாவற்றையும் நூலகத்துக்குத் தானமாக எழுதினார். ஊரார் பத்திரங்களில் ஓட்டை கண்டுபிடித்தே காலம் தள்ளியவர் தன் பத்திரத்தில் ஓட்டை விடுவாரா? "எட்டு பீரோக்கள், ஒரு மேசை, ஓர் ஏணி, காப்பாளர் ஆகியவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்கப்படலாகாது" என்று எழுதிவைத்தார். ஓய்வு பெறும் வயதுக்கு முன் காப்பாளர் விலகினாலோ, வேறு ஊருக்கு மாற்றப்பட்டாலோ, தொகுப்பு மொத்தமும் பெரியவரின் மகளுக்குத் திரும்பிவிடும்.

நம் ஆள் அந்தக் காப்பாளராகச் சம்மதக் கையெழுத்தும் போட்டார். இளம் வயது. இத்தனை பெரிய சொத்தைத் தன்னை நம்பி ஒருவர் கொடுக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பத்திரத்தின் நகலை மனைவியிடம் பெருமையாகக் காட்டினார். அவள் மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ். எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம் உள்ளவள். "ஆகியவைன்னு போட்டிருக்காரே. உங்களை ஏணியோட சேர்த்து அஃறிணை ஆக்கிட்டாரு" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவருடைய அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் மாடி, கிழக்கு மூலை. வெயில் பட்டால் மை வெளுத்துவிடும் என்று ஜன்னல்களை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். காலையில் வந்ததும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுவார். பிறகு பீரோக்களின் அடியில் வைத்த ஒட்டுப்பொறிகளை எடுத்து, காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். வெளியே மழையா வெயிலா என்று அவருக்கு வாளியைப் பார்த்துத்தான் தெரியும்.

படிக்க வருகிறவர்கள் பையை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரவேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். பென்சில் என்றால் தவறிப் பட்டாலும் காகிதத்துக்கு நோகாமல் அழித்துவிடலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். போகும்போது காவலாளியிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. தொகுப்பைச் சேர்ந்தது என்று ஒரு பொருளுக்கு எண் போட்டுவிட்டால், நூலகக் குழு கூடி அனுமதிக்காமல் அது வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ஐந்தாவது பீரோவின் பின்னாலிருந்து பெரியவரின் குடை கிடைத்தது. அதற்கும் எண் போட்டார். கம்பி உடைந்த அந்தக் குடை இன்றைக்கும் பஞ்சு வைத்த பெட்டியில் படுத்திருக்கிறது. அதற்கு இருக்கிற சொகுசு அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கிடையாது.

அவர்களுடைய மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் மனைவிக்குத் துறைமுக ஊருக்கு மாற்றல் வந்தது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம். மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள். பதவி உயர்வு வந்தது, அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. அதன் பிறகு அவர் விடுமுறைக் கணவர். மகள் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்று பெயர் வைத்தாள். பட்டப்பெயர் விஷயத்தில் மனிதருக்கு நல்ல ராசி.

மாற்றல் கேட்டு எழுதாமல் இல்லை. எழுதினார். அந்த ஊரிலும் இதே நூலகத்துக்குக் கிளை உண்டு. ஆனால் எந்த இயக்குநர் வந்தாலும் ஒரே பாட்டுத்தான். உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், பத்திரத்தை நினைவூட்டுவார். பெரியவரின் மகள் காத்துக்கொண்டிருக்கிறாளாம். மருந்துக்கடைகள் வைத்துக் கொழிக்கிறவளாம். நீங்கள் படி இறங்கிய மறுநாளே லாரி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போய் ஏலத்தில் தாள் தாளாக விற்றுவிடுவாளாம். செடிப்படங்களைச் சட்டம் போட்டு யார் வீட்டு வரவேற்பறையிலோ மாட்டுவதை நினைத்ததும் டீயைப் பாதியில் வைத்துவிடுவார். எழுந்து வந்துவிடுவார். அந்த மகளை ஒருமுறையாவது நேரில் பார்த்துக் கேட்கலாமே என்று மனைவி சொன்னபோதெல்லாம், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்பார். கேட்டு, அவளுக்கு ஞாபகம் வந்து, வம்பாகிவிட்டால்?

இப்படியே போயிற்று. அந்தப் பக்கம் போனால் புத்தகம் சிதறும், இந்தப் பக்கம் இருந்தால் குடும்பம் சிதறும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மனிதர் வாழ்ந்தே காட்டினார். பாவம்தான். ஆனால் கொஞ்சம் கோபமும் வருகிறது எனக்கு. எறும்பாவது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். இவர் நடுவில் உட்கார்ந்து ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். துறைமுக ஊர் வீட்டில் மனைவி தனி. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும் வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. அதை அவரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அதே மூச்சில், கிளை நூலகத்தில் காப்பாளர் இடம் காலியாக இருக்கிறது என்றும், இதுதான் கடைசித் தடவை கேட்பது என்றும் சொன்னாள்.

அவர் அன்றைக்கே இயக்குநர் அறைக்குப் போனார். டீ வந்தது. அன்றைக்கென்று அவரும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பார்த்தார். இயக்குநர் ஏலக்கடைக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். மனைவிக்கு போன் போட்டு முடியவில்லை என்று சொன்னார். அவள் சண்டை போடவில்லை. சரி என்று வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில், செடிப்படத் தொகுதி ஒன்றை புத்தகத்துக்கான மெத்தைமேல் கிடத்திவைத்திருந்தபோது, கதவருகே கைகழுவும் சத்தம் கேட்டது. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாக நடந்த கழுவல். நிமிர்ந்தால் மனைவி. கைப்பையை வாசலில் வைத்துவிட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை; காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

பெரியவரின் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். மருந்துக்கடை மாடியில், இரண்டு போன் பேச்சுக்கு நடுவில் வேலை முடிந்துவிட்டதாம். அப்பாவின் புத்தகமா, அதெல்லாம் இன்னுமா இருக்கிறது என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டாளாம். வைக்க இடம் ஏது, படிக்க நேரம் ஏது, நூலகமே வைத்துக்கொள்ளட்டும் என்று வக்கீலை வரவழைத்து முத்திரைத்தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாளாம். யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே போட்டிருப்பேனே என்றாளாம்.

"வக்கீல் ஆபீஸ்ல, காப்பாளர் விடுவிக்கப்படுகிறதுன்னு டைப் பண்ணிட்டாங்க. நான்தான் விடமாட்டேன்னு நின்னு, விடுவிக்கப்படுகிறார்னு மாத்த வச்சேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வெட்கத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. நாளைக்குக் காலையில் இந்த வாளியை யார் கொட்டுவார்கள்? பயம் வந்ததும் அவர் கைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்யத் தொடங்கின. காகிதத்தைப் பிரித்தார். துருப்பிடிக்கும் என்று குண்டூசியைக் கழற்றினார். மடிப்புகளை எலும்புத் தகட்டால் நீவிச் சமப்படுத்தினார். முத்திரை சரியா, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தொகுப்பின் உரிமை பற்றிய ஆவணம். தானப் பத்திரம் இருக்கிற பெட்டியில்தான் இருக்கவேண்டும். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வலது கீழ் மூலையில், பொடி எழுத்தில் எண்ணை எழுதினார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "வாங்க, இப்பவே டைரக்டரைப் பாத்துடலாம். அந்தப் பேப்பரைக் குடுங்க."

"நம்பர் போட்டாச்சு" என்றார் அவர். "வேணும்னா காப்பி எடுத்துத் தரேன்."

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பென்சில்தானே" என்றாள் மெதுவாக. "அழிச்சிடுங்க."

மேசைமேல் ரப்பர் இருந்தது. அவர் அதை எடுக்கவும் செய்தார். எடுத்து, கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே, குழுக் கூட்டம் அடுத்த மாதம் இருக்கிறது என்றார். முறைப்படி அதில் வைத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றார். வரப்போகிறவருக்கு ஒட்டுப்பொறி எல்லாம் சொல்லிக்கொடுக்கக் கொஞ்ச நாளாவது வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அவர் ரப்பரை மேசைமேல் திரும்ப வைத்ததையும் பார்த்தாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க. இத்தனை வருஷமா டைரக்டரைத்தான் பூசாரின்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுகிற குரலில் சொன்னாள். "நான் வண்டிக்குக் கிளம்பறேன். உடம்பைப் பாத்துக்குங்க."

வாசலில் காவலாளிக்கு அவளைத் தெரியும். போகலாம் அம்மா என்று தலையாட்டினார். ஆனாலும் அவள் நின்று, விதிப்படி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் எடுத்துப் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படி இறங்கினாள்.

அவர் பின்னால் ஓடியிருக்கலாம். கால் சரியில்லாதவள், இரண்டு மாடி; மெதுவாக நடந்தாலே பிடித்திருக்கலாம். படிகளில் அவளுடைய காலடிச் சத்தம் தேயும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து ரப்பரை எடுத்தார். தொழிலில் தேர்ந்த கை. எண் இருந்த சுவடே தெரியாமல் அழித்தார். ரப்பர் துகளை மென்தூரிகையால் தள்ளினார். காகிதம் சுத்தமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யாரும் வெளியே போகலாம். விடுவிக்கப்படுகிறார் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தார். அவள் நின்று மாற்றவைத்த எழுத்தின்மேல் விரலை வைத்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். ஈரம் படக் கூடாது என்று காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, எண் இல்லாத காகிதம் ஒன்று மேசைமேல் அநாதையாகக் கிடந்தது. இப்படியே விட்டால் எங்காவது தொலைந்துவிடும். பென்சிலை எடுத்து, வலது கீழ் மூலையில், அதே இடத்தில், அதே எண்ணை மறுபடி எழுதினார்.